எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பொடி

என் வீட்டுக்காரர் பால் பாக்கெட்டைக்கூட நம்ப மாட்டார். வாங்கி வந்ததும் தராசில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஃப்ரிட்ஜில் வைப்பார். பெட்ரோல் போடும்போது வண்டியை விட்டு இறங்கி, மீட்டர் பூஜ்ஜியத்தில்தான் நிற்கிறதா என்று குனிந்து பார்ப்பார். பின்னால் நிற்கிறவர்கள் ஹாரன் அடித்தாலும் சட்டை செய்ய மாட்டார். ஓசூரில் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. வெளியிலிருந்து வருகிற உதிரி பாகங்களை அளந்து, சரியில்லாததைச் சிவப்புத் தொட்டியில் தூக்கிப் போட வேண்டும். எல்லாவற்றையும் நம்புகிறவனுக்கு அங்கே எதற்குச் சம்பளம் என்று கேட்பார். கேட்பது நியாயம்தான். அந்தத் தொட்டியை அவர் வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு வந்துவிடுவதுதான் தொல்லை.

நான் உத்தனப்பள்ளிக்காரி. அவர் திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமான புதிதில் அவர் பேசுவது எனக்குப் பாதி புரியாது. என் பேச்சில் கன்னடமும் தெலுங்கும் எட்டிப் பார்ப்பதை அவர் கேலி செய்வார். நான் ஒரு ரோஜாப் பண்ணையில் பூக்களைத் தரம் பிரிக்கிறேன். காம்பின் நீளம், மொட்டின் அளவு எல்லாம் பார்த்துக் கட்டுக் கட்டி அட்டைப்பெட்டியில் அடுக்க வேண்டும். ஆக இரண்டு பேருமே குறை கண்டுபிடித்துப் பிழைக்கிறவர்கள்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு உண்டு. மார்கழிப் பனியில் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி சத்தம் வரும். பண்ணையில் செடிகளுக்குப் பூஞ்சை பிடிக்காமல் இருக்கக் கந்தகம் புகைப்பார்கள். காலையில் பூவோடு அந்த வாடையும் நாங்கள் தரம் பிரிக்கிற ஷெட்டுக்குள் வரும். அங்கே சேர்ந்த பிறகு எனக்கு மார்கழி, சித்திரை என்ற பேதம் இல்லாமல் போய்விட்டது. மாடிப்படி ஏறினால் மேலே போய் உட்கார்ந்து, மூச்சு திரும்பி வருகிற வரைக்கும் யாரிடமும் பேச முடியாது. இப்படியே போனால் வேலையை விட்டுவிட வேண்டியதுதான் என்று பயந்துபோயிருந்தேன்.

ஓசூரில் நுரையீரல் டாக்டர் ஒருவரிடம் காட்டினோம். சின்ன வயசுப் பெண். அவர் இரண்டு இன்ஹேலர் கொடுத்தார். ஆரஞ்சு நிறத்தில் இருப்பதைக் காலையும் மாலையும் தவறாமல் இழுக்க வேண்டும், நீல நிறத்தில் இருப்பது மூச்சு முட்டும்போது மட்டும் என்றார். ஆரஞ்சுதான் மருந்து, நீலம் அவசரத்துக்கு மட்டும் என்று அழுத்திச் சொன்னார். எனக்கு அது தலைகீழாகப் பட்டது. நீலத்தை இழுத்தால் கொஞ்ச நேரத்தில் நெஞ்சு திறந்துகொண்டது. ஆரஞ்சை எத்தனை நாள் இழுத்தாலும் இழுத்த மாதிரியே தெரியவில்லை, தொண்டை கட்டிக்கொண்டதுதான் மிச்சம். ஒன்றும் செய்யாத மருந்தைத் தினமும் வாங்கச் சொன்னால் அதில் டாக்டருக்கு ஏதோ இருக்கிறது என்றுதானே தோன்றும்? ஷெட்டில் கேட்டால், அது பழகிப்போகும், அப்புறம் அது இல்லாமல் ஒரு நாள்கூட ஓடாது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நான் ஆரஞ்சை ஓரங்கட்டிவிட்டு நீலத்தை மட்டும் வைத்துக்கொண்டேன். சந்தேகம் எங்கள் வீட்டில் ஒருவருக்கு மட்டும் சொந்தமில்லை.

என்னோடு தரம் பிரிக்கிறவர்களில் வேப்பனப்பள்ளிப் பக்கத்து அக்கா ஒருவர் இருந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். முழங்கால் வலியால் நொண்டிக்கொண்டே வேலைக்கு வந்தவர், ஒரு மாதத்தில் என்னைவிட வேகமாக நடக்க ஆரம்பித்தார். கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு வைத்தியர் பொடி கொடுக்கிறார், அதில்தான் சரியாயிற்று என்றார். முட்டிக்குத்தானே என்று கேட்டேன். இல்லை, இளைப்புக்கும் அவர்தான், தோல் அரிப்புக்கும் அவர்தான், நீயும் வா என்று கூப்பிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் வாடகைக் காரில் போனோம். வர மாட்டேன் என்று முரண்டு பிடித்த வீட்டுக்காரர், என்னதான் நடக்கிறது பார்ப்போம் என்று கடைசியில் கிளம்பிவிட்டார். மாந்தோப்புகளுக்கு நடுவில் ஒரு வீடு. வெளியே மூன்று மாநிலத்து நம்பர் பலகைகளோடும் வண்டிகள் நின்றன. வைத்தியர் என் கையைக்கூடப் பிடித்துப் பார்க்கவில்லை. என்ன தொந்தரவு என்று கன்னடத்தில் கேட்டார், சொன்னதும் தலையாட்டினார். பெரிய பாத்திரத்திலிருந்து பழுப்பு நிறப் பொடியை அள்ளிச் செய்தித்தாளில் மடித்துக் கொடுத்தார். சாப்பிட்ட பிறகு தேனில் குழைத்துச் சாப்பிட வேண்டும். தயிர் கூடாது, கத்தரிக்காய் கூடாது, இங்கிலீஷ் மருந்து எதுவும் கூடவே கூடாது. டாக்டரிடம் இந்தப் பொடியைக் காட்டினால் அதன் பிறகு வேலை செய்யாது என்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம் இவர் அதையே பிடித்துக்கொண்டார். முட்டிக்கும் மூச்சுக்கும் ஒரே பாத்திரத்திலிருந்து எடுக்கிறான், டாக்டரிடம் காட்டினால் வேலை செய்யாத மருந்து எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டார். பின் சீட்டில் இருந்த அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது. இந்த மனுஷனோடு கோயிலுக்குப் போனாலும் பிரசாதத்தை முகர்ந்து பார்ப்பார் என்று சொல்லி அக்காவைச் சமாதானப்படுத்தினேன்.

பொடி வேலை செய்தது. அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. அந்த வாரமே மூச்சு சரியானது, பசி எடுத்தது. நாக்கின் அடியில் போய் ஒட்டிக்கொள்கிற ஒரு கசப்பு, அதற்குக்கூட நான் பழகிவிட்டேன். நீல இன்ஹேலர் எங்கே இருக்கிறது என்பதே மறந்துபோனது. மாடிக்குத் துணி காயப்போடப் போய் அங்கேயே நின்று பக்கத்து வீட்டோடு கதை பேசினேன். ஷெட்டில் மற்றவர்கள் முடிக்கிறதற்குள் நான் இன்னொரு வரிசைப் பூவையும் முடித்துவிடுவேன். முகம் பூசினாற்போல் ஆயிற்று. பார்க்கிறவர்கள் எல்லாம் களை வந்துவிட்டது என்றார்கள். அந்த மாதங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். மூச்சு தானாக உள்ளே போய்த் தானாக வெளியே வருவது எவ்வளவு பெரிய விஷயம் என்று இளைப்பு இல்லாதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

இவர் மட்டும் சந்தோஷப்படவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். களையா இது, வீக்கம் என்பார். கையில் லேசாக இடித்தாலும் நீலம் பாரித்தது, அதைப் பிடித்துப் பிடித்துப் பார்ப்பார். பொடியை எங்காவது கொடுத்துச் சோதிக்கலாம் என்றார். நான் முடியாது என்றேன். நிறுத்திவிட்டுப் பார் என்றார். அதற்கும் முடியாது என்றேன். பாலையும் பெட்ரோலையும் சந்தேகப்படுகிற மனுஷன் இதையும் சந்தேகப்படுகிறார், அவ்வளவுதானே என்று நினைத்தேன். எப்போது பார்த்தாலும் மணி அடிக்கிற கடிகாரத்தை வைத்துக்கொண்டு யார் நேரம் பார்ப்பார்கள்? ஒரு நாள் சண்டையில், என் மூச்சு உங்கள் கம்பெனிச் சாமான் இல்லை என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகு அவர் பொடியைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார்.

அவர் விட்டுவிட்டார் என்று நம்பினேன்.

கொஞ்ச காலம் கழித்துப் பொடியின் ருசி மாறியது. தீரத் தீர வாங்கி வந்து டப்பாவில் கொட்டி வைப்பேன், அதே பழுப்பு நிறம்தான். ஆனால் நாக்கில் வைத்தால் காரம். சுக்கும் திப்பிலியும் எங்கள் வீட்டில் புழங்குகிற சாமான், எனக்குத் தெரியாதா? கசப்பைத் தேடிப் பார்த்தேன், இல்லை. வைத்தியர் ஏமாற்றுகிறார் என்று முடிவுகட்டினேன். கூட்டம் அதிகமானதும் சுக்குப் பொடியைக் கலந்து பெருக்குகிறார் போல, காரம் கூடிப்போயிற்று என்று இவரிடமும் முணுமுணுத்தேன். வேப்பனப்பள்ளி அக்காவிடம் கேட்டேன். தன்னுடையது எப்போதும் போலக் கசக்கிறது என்றார். அப்படியானால் எனக்கு மட்டும் மட்டமான பொடியைத் தள்ளிவிட்டாரா? டாக்டரிடம் காட்டிவிட்டாயா என்று அக்கா என்னையே திருப்பிக் கேட்டார். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் ஒரு மாதிரி பார்த்துக்கொண்டோம்.

அந்த நாட்களில் இவர் திடீரென்று கனிவாகிவிட்டார். காலையில் எழுந்ததும் இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று கேட்பார். ஷிஃப்ட் முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் மறுபடியும் கேட்பார். மாடி ஏறினாயா, தூங்கினாயா, சாப்பாடு இறங்குகிறதா என்று ஒன்று விடாமல் விசாரிப்பார். நான் அதை அன்பு என்று நினைத்தேன். சண்டையில் சுடுசொல் சொன்னதற்காகக்கூட எனக்கு வருத்தம் வந்தது.

முதலில் உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலித்தது. எழுந்து நின்றால் கண் இருட்டியது. சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டியது. பிறகு பூனைக்குட்டி திரும்பி வந்தது. இந்த முறை கூடவே அதன் தாயும் வந்த மாதிரி இருந்தது. இன்ஹேலரை எடு என்று இவர் கெஞ்சினார். பொடியோடு அது சேரக் கூடாது என்று நான் பிடிவாதம் பிடித்தேன். பொடியின் அளவை நானே கூட்டிச் சாப்பிட்டேன். இவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், சொல்லவில்லை. அதை அப்போதும் பார்த்தேன். ஆனால் அதற்கு அர்த்தம் தெரியவில்லை.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம், சோறு வடித்துக்கொண்டிருந்தபோது மூச்சு உள்ளேயே நின்றுகொண்டது. வெளியே விட முடியவில்லை. தரையில் உட்கார்ந்து சமையல் மேடையின் காலைப் பிடித்துக்கொண்டேன். பேச வார்த்தை வரவில்லை. செத்துப்போகப் போகிறேன் என்று தெளிவாகத் தெரிந்தது. பயத்தைவிட, அடுப்பை அணைக்கவில்லையே என்பதுதான் மனசில் ஓடியது. இவர் என்னைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். பக்கத்து வீட்டு ஆட்டோவில் ஏறும்போது செருப்புகூடப் போடவில்லை. ஒரு கையால் என்னைப் பிடித்துக்கொண்டு மறு கையில் தன் கம்பெனிப் பையை இறுக்கிப் பிடித்திருந்தார். இந்த நேரத்தில் இந்தப் பை எதற்கு என்று எரிச்சலாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் மூக்கும் வாயும் மூடுகிற மாதிரி மாஸ்க் போட்டு, நெபுலைசரில் மருந்துப் புகை விட்டார்கள். கையில் ஊசி ஏற்றினார்கள். பிரஷர் ரொம்பக் கீழே இருந்ததாம், சர்க்கரை குறைந்திருந்ததாம். மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்தது. அந்தச் சின்ன வயசு டாக்டர் வந்து என் முகத்தையும் கையிலிருந்த நீலத் திட்டுகளையும் பார்த்தார். வெளியே ஏதாவது மருந்து சாப்பிட்டார்களா என்று இவரிடம் கேட்டார். பொடி என்றார் இவர். அதைக் கொண்டுவர முடியுமா என்றார் டாக்டர்.

வீட்டுக்குப் போய்த்தான் எடுத்து வர வேண்டும் என்று நான் நினைத்தேன். இவர் அந்தக் கம்பெனிப் பையைத் திறந்தார். ஒரு பிளாஸ்டிக் டப்பா, மேலே தேதி எழுதி ஒட்டின சீட்டு. உதிரி பாகத்துக்கு ஒட்டுவார்களே, அதே மாதிரி. டாக்டர் அதைத் திறந்து முகர்ந்து பார்த்துக் கட்டிலோரம் வைத்துவிட்டு, நர்ஸிடம் ஏதோ சொல்லத் திரும்பினார். நான் மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கி, விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்தேன்.

கசந்தது.

எனக்கு எல்லாம் புரிந்துபோனது. இவர் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. இவரே பல தடவை சொல்லியிருக்கிறார். ஒரு பாகத்தின் மேல் சந்தேகம் வந்தால், மெஷினை ஓட்டுகிறவருக்குத் தெரியாமல் அதை மாற்றி வைத்துவிட்டு மெஷின் எப்படி ஓடுகிறது என்று பார்ப்பார்கள். சொல்லிவிட்டால் ஓட்டுகிறவர் கையைத் திருத்திக்கொள்வாராம், உண்மை வெளியே வராதாம். என் பொடியை எடுத்து வைத்துக்கொண்டு சுக்கையும் திப்பிலியையும் அரைத்து டப்பாவில் போட்டிருக்கிறார். நான் நன்றாக இருந்தால் வைத்தியர் டூப்பு. நான் படுத்தால் பொடிக்குள் வேறு ஏதோ இருக்கிறது. இரண்டில் எது நடந்தாலும் அவருக்கு விடை கிடைத்துவிடும். காலையும் மாலையும் எப்படி இருக்கிறது என்று கேட்டது அதற்குத்தான். நடுவில் ஒரு ஆள் இருந்தாளே, அவளுக்கு என்ன ஆகும் என்று மட்டும் யோசிக்கவில்லை. என் வாழ்க்கையில் யார் மேலும் எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்ததில்லை.

டாக்டர் திரும்பி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பரிசோதித்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும், ஆனால் ஆளைப் பார்த்தால் இதில் ஸ்டீராய்டு மாத்திரையை அரைத்துக் கலந்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றுகிறது என்றார். அதனால்தான் முட்டி வலியும் இளைப்பும் ஒரே பொடியில் அடங்கின. அதனால்தான் பசி, அதனால்தான் இந்த முகம். அதே ஜாதி மருந்துதான் ஆரஞ்சு இன்ஹேலரிலும் இருக்கிறது, ஆனால் ரொம்பக் கொஞ்சமாக, நேராக நுரையீரலுக்கு மட்டும் போகிற மாதிரி என்று விளக்கினார். அளவு தெரியாமல் மாதக்கணக்கில் உள்ளே போனால், உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதை மறந்துவிடும். அப்படிப்பட்ட மருந்தை ஒரே நாளில் நிறுத்தினால் ஆள் விழுந்துவிடும். படிப்படியாகக் குறைக்க வேண்டும், அதுவும் டாக்டர் பார்வையில்.

"இத்தனை நாள் சாப்பிட்டதைவிட, பட்டுன்னு நிறுத்தினதுதான் ஆபத்தாயிடுச்சும்மா. யார் நிறுத்தச் சொன்னாங்க?"

இவர் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தார். காலில் செருப்பு இல்லை. கம்பெனிப் பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தார். அவர் நினைத்தது சரியாகிவிட்டது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். அந்த முகத்தைப் பார்த்தபோது ஆத்திரம் போய்விடவில்லை. ஆனால் இந்த ஆள் இதைச் சுமந்துகொண்டு பிழைத்திருக்க மாட்டார் என்றும் தோன்றியது.

நான் மாஸ்க்கை இறக்கினேன். "யாரும் சொல்லலைங்க. நானாத்தான் நிறுத்தினன். இவரு திட்டிக்கினே இருந்தாரு, தினமும் எடுத்து வாஷ்பேசின்ல கொட்டிட்டு, சாப்பிட்டேன்னு சொல்லிக்கினு இருந்தன்."

டாக்டர் என்னைக் கடிந்துகொண்டார். நிறுத்துகிறபோது தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஓரக்கண்ணால் இவரைப் பார்த்தேன். அவர் மனசுக்குள் கணக்குப் போடுவது எனக்குத் தெரிந்தது. டப்பாவில் என்ன இருந்திருந்தாலும் அவள் அதைச் சாப்பிடவே இல்லை. அப்படியானால் தான் மாற்றி வைத்ததால் இது வந்ததில்லை. அவருடைய தோள் மெல்ல இறங்கியது. விரலில் சுற்றியிருந்த வாரை விட்டார். கட்டிலைச் சுற்றி என் பக்கம் வந்து குனிந்தார்.

"ஏட்டி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது.

ஒரு கேள்வி கேட்டிருந்தால் நான் மாட்டியிருப்பேன். கொட்டினவள் எதற்காகக் காரம் கூடிப்போயிற்று என்று குறை சொன்னாய், அளவை எதற்குக் கூட்டினாய் என்று கேட்டிருக்கலாம். நான் பொடியை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்ததை அவரே எத்தனை காலை பார்த்திருக்கிறார். அவர் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

டாக்டர் அளவு தெரிந்த மாத்திரையைக் கொடுத்து, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். ஆரஞ்சு இன்ஹேலரை இப்போது காலையும் மாலையும் இழுக்கிறேன். இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவில் மாட்டிக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் குடுவை கொடுத்திருக்கிறார்கள், இழுத்த பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும், தொண்டை கட்டுவதில்லை. அது பழகிப்போகிற மருந்து இல்லை என்று எனக்கு விளங்குவதற்கு இவ்வளவு தூரம் போய் வர வேண்டியிருந்தது. வேப்பனப்பள்ளி அக்காவிடமும் சொன்னேன். நிறுத்தாதே, முதலில் டாக்டரிடம் போ என்று கையைப் பிடித்துச் சொன்னேன். என் வீட்டுக்காரர் புத்தி எனக்கும் தொற்றிவிட்டது என்று சிரித்தார். பிறகு போனார்.

போன முறை பரிசோதனைக்குப் போனபோது மூச்சு நன்றாக முன்னேறியிருக்கிறது என்றார் டாக்டர். இவர் பெருமையாக, "அவளா நிறுத்திட்டா டாக்டர், நான் சொன்னா எங்க கேப்பா" என்றார். டாக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

இவர் நன்றாகத் தூங்குகிறார். பால் பாக்கெட்டை இப்போதும் நிறுத்துப் பார்க்கிறார். காலை ஷிஃப்ட் இல்லாத நாட்களில் எனக்குக் காபி போட்டுக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டு, எப்படி இருக்கிறது என்று கேட்கிறார். நல்லா இருக்குது என்கிறேன். அவர் அந்தப் பக்கம் திரும்புகிற வரைக்கும் காத்திருந்து, முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைக்கிறேன்.